தாய்மாமன் கல் வைக்கப் போன வீடு

லண்டனுக்கு ஆட்கள் படிக்கப் போவார்கள், உழைக்கப் போவார்கள், மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போவார்கள். நான் ஒரு கல் வைக்கப் போனேன். ஒரேயொரு கல். கிட்டப் போய்ப் பார்த்தால் அதுவும் கல் அல்ல, செங்கல்.

என் அக்காவும் அத்தானும் லண்டனின் ஹரோப் பகுதியில் இருக்கிறார்கள். வாங்கிய நாள் முதல் அத்தான் அந்த வீட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார். முதலில் பின்னால் நீட்டினார். பிறகு கூரையைப் பிய்த்து மேலே நீட்டினார். கார் நிறுத்தும் கொட்டிலையும் விட்டுவைக்காமல் சாமியறை ஆக்கினார். இப்போது மிச்சமிருப்பது அக்கா சமைக்கும் குசினிப் பக்கம் ஒன்றுதான். அதில் கீழும் மேலுமாக இரண்டு தட்டில் ஒரு பகுதி கட்டி மகள் அபிக்குக் கொடுக்கப் போகிறாராம். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைக்கு வீடு சீதனம். கலியாணம் முடிந்ததும் மகளும் மருமகனும் அதே வளவில் இருப்பார்கள், பெற்றவர்கள் ஓர் அறைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரில் நடப்பது ஹரோவிலும் நடக்கும் என்று அத்தான் நம்பினார். அபிக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை என்பதும், அவள் வேலை செய்வது ஸ்கொட்லாந்தில் என்பதும் அவருடைய வரைபடத்தில் இல்லாத விஷயங்கள்.

மகளுக்குக் கட்டும் பகுதிக்குத் தாய்மாமன்தான் கல் வைக்க வேண்டும் என்பது சாத்திரம் என்றார் தொலைபேசியில். எந்தச் சாத்திரம் என்று கேட்டேன். "நீ முதல்ல வா மச்சான், வந்தாப்பிறகு சொல்லுறன்" என்றார். போய், இருந்து, திரும்பியும் வந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் கூரையில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்ததும் மேல்மாடி கட்டுவதற்காக விட்ட கம்பிகள். துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெறும் போத்தலைக் கவிழ்த்துவிடுவார்கள். மேல்மாடி வந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அதில் முறைப்பாடு எதுவும் இல்லை. அந்தக் கம்பிகளை விற்றவன் நான்.

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார், "வருகையின் நோக்கம் என்ன?" பொய் சொல்லாதே என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "வீட்டுக்குக் கல் வைக்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டட வேலை செய்ய வந்திருக்கிறீர்களா?"

"இல்லை. நான் ஒரு கல் மட்டும் வைப்பேன். மிச்சத்தை மேசன் வைப்பார்."

"அந்த ஒரு கல்லுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை. வேட்டி தருவார்கள்."

அவர் இன்னொரு பெண் அதிகாரியை அழைத்தார். அந்த அம்மா என்னை ஓரமாக இருத்தி, பொறுமையாக விசாரித்து, கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்து, "மதச் சடங்கு" என்றார். ஓம் என்று தலையை ஆட்டினேன். தங்களுக்கு விளங்காத எதையும் மதம் என்று வைத்துக்கொண்டு வழிவிடும் நல்ல பழக்கம் அந்த நாட்டில் இருக்கிறது.

ஹரோ வீட்டுக்குள் நான் வழி தவறியது அன்று மாலையே. முன் கதவால் போனால் பழைய வீடு. ஒரு படி இறங்கினால் முதல் நீட்டல், இரண்டு படி ஏறினால் சாமியறை. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு யன்னல் இருந்தது. காற்று வரட்டும் என்று திறந்தேன். கத்தரிக்காய்ப் பொரியல் வாசம் வந்தது. அந்தப் பக்கம் குசினியில் நின்ற அக்கா, "என்ன வேணும் தம்பி?" என்று கேட்டாள். ஒரு காலத்தில் அது வெளிச்சுவராம். வீடு பின்னால் போனபோது யன்னல் உள்ளுக்குள் மாட்டிக்கொண்டதாம். எடுத்தால் செலவு என்று அப்படியே விட்டுவிட்டார்களாம்.

பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னார்: "நாங்க குடிவந்து எட்டு வருஷம் ஆகுது சார். அங்கிள் வீட்ல டிரில் சத்தம் இல்லன்னா எங்க பாப்பா தூங்க மாட்டா." பாராட்டுகிறாரா பழிக்கிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அத்தான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அத்தான் என்னைப் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்ற பழைய தகரக் கொட்டிலை இடித்து, சுவரின் ஓரத்தைக் கொத்திப் பச்சைப் புண்ணாக விட்டிருந்தார்கள். மேசன் தேவன், பிரான்சில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், நூல் கட்டிக்கொண்டிருந்தார். "இது அபியின்ர ஹோல், மேலை அவையளின்ர படுக்கை அறை" என்று அத்தான் காற்றுக்குள் கையால் காட்டினார். அவையள் என்ற பன்மையில் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளும் அடக்கம். கவுன்சில் அனுமதி வந்துவிட்டது. ஐயர் நாளும் பார்த்துவிட்டார்.

"இந்த யன்னல்?" என்று கேட்டேன். குசினியிலிருந்து வெளியே பார்க்கும் ஒரே யன்னல் அது. நூல் அதன் நடுவால் போனது.

"அது அடைபடும். லைற் போடலாம்."

யன்னலுக்கு உள்ளே அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய் அளவுக்கு மேல் திறந்திருந்தது.

அத்தான் கடைக்குப் போனதும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தம்பி, அபி இனி இஞ்சை வரமாட்டாள். அங்கை ஒரு வீடு வாங்கிப்போட்டாள். போன மாரியிலையே வாங்கினவள். எனக்கு மட்டும் சொன்னவள்."

"அத்தானுக்கு?"

"அதைத்தான் நீ சொல்லவேணும்."

"நீ சொல்லன் அக்கா."

"நான் சொன்னா, உனக்கு வீடு கட்டுறது பிடிக்கேல்லை எண்டு சொல்லுவார். தாய்மாமன் சொன்னாக் கேப்பார்." பிறகு யன்னலைப் பார்த்தாள். "நான் இந்த நாட்டிலை பாத்ததெல்லாம் இந்த யன்னலாலைதான். மழை, பனி, அந்த வீட்டு அப்பிள் மரம். அதையும் பூசிவிட்டா நான் எங்கை பாக்கிறது?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லிவிட்டுத் தப்பியிருப்பேன். இப்போது கல் வைக்க வந்தவன் தலையில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டாள்.

அன்று மாலை அத்தான் கல் வைக்கும் நாளுக்கு வரச்சொல்லி மகளுக்குப் போன் எடுத்தார். அவள் குரல் மேசையில் வைத்த போனிலிருந்து வந்தது. "ஸாரி அப்பா, அண்டைக்கு லீவ் எடுக்கேலாது. சீசன் டைம். நீங்களும் மாமாவும் இஞ்சை வாங்கோவன்? நீங்கள் ஒருக்காலும் வரேல்லை." அது உண்மை. மகள் அங்கே போன காலம் தொட்டு அத்தானுக்கு ஏதாவது ஒரு சுவர் ஈரமாகவே இருந்தது. "போவம் மச்சான், கையோடை கூட்டிக்கொண்டு வருவம்" என்றார். அவர் போன் பக்கம் குனிந்திருந்த நேரம் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள்: ரயிலில் சொல்லு.

ரயிலில் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் லண்டன் தாண்டுமட்டும் அத்தான் வடிகால் குழாய் பற்றிப் பேசினார், அதன் பிறகு நித்திரை. விழித்தபோது ரயில் ஒரு வெட்டவெளியில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் ஏதோ பிழை என்று ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை, இன்னும் மரியாதையாக. எங்கள் நாட்டில் ரயில் நின்றால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, வடை விற்க வருவார்கள். எது மேல் என்று இரண்டு மணி நேரம் யோசிக்க வாய்ப்புக் கிடைத்தது.

கடைசியில் எல்லோரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கொட்லாந்து மூதாட்டி. அக்கா கட்டித் தந்த ஆட்டிறைச்சி றோல்ஸ் பொதியை நான் அவிழ்த்ததும் பஸ்ஸின் காற்றே மாறியது. ஒன்றை அவரிடம் நீட்டினேன். கடித்தார். கண்ணில் தண்ணீர். "இது மிகவும் காரம்" என்றார். பிறகு, "உங்கள் நண்பர் சாப்பிட மாட்டாரா?" என்று கேட்டு அத்தானுடையதையும் வாங்கிக்கொண்டார். இறங்கும்போது பொதி அவர் கையில் இருந்தது.

அபி எங்களைக் கூட்டிப்போக நிலையத்தில் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் சேறு பிடித்த சப்பாத்து. தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவர் சப்பாத்தைப் பார்த்து, "நல்ல சப்பாத்தா ஒண்டு வாங்கன் பிள்ளை" என்றார். எங்கள் குடும்பத்தில் பாசம் இப்படித்தான் வெளிப்படும். அத்தான் சற்று முன்னால் நடந்ததும் அவள் என் காதுக்குள், "மாமா, சொல்லியாச்சா?" என்றாள். "சொல்லுறன், சொல்லுறன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையால் நான் வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். மறுகிழமை காசு தாறன் என்று சொல்பவர்களைப் பார்க்கும் பார்வை அது.

மறுநாள் அவள் வேலை செய்யும் வீட்டுக்குப் போனோம். வீடு என்று பணிவாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த அளவில் இருப்பது அரசாங்க அலுவலகமான கச்சேரி மட்டும்தான். அதன் பெயர் எனக்கு உச்சரிக்க வராது, ஆகவே எழுதவும் இல்லை. அபியின் வேலை அதன் கல்லையும் சுண்ணாம்பையும் பார்ப்பது. எங்கே வெடிப்பு, எங்கே ஈரம், எந்தக் கல் நோய்ப்பட்டது என்று பார்த்து வைத்தியம் சொல்ல வேண்டும். இடைக்கிடை பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டும் போவாள். அன்றைய கூட்டத்தில் நாங்கள் இருவரும் கடைசியில் நின்றோம்.

முதலில் ஒரு கோபுரம். அதுதான் வீட்டின் தாய் என்றாள் அபி. எதிரிக்குப் பயந்து கட்டியது. சுவரின் தடிப்புக்குள் ஒரு கட்டில் போடலாம். சுருள் படியில் ஒருவர் ஏறினால் மற்றவர் சுவரோடு ஒட்ட வேண்டும். எதிரி தொல்லை குறைந்ததும் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறகு முளைத்தது. அடுத்த தலைமுறைக்கு நாகரிகம் வந்தது, கோபுரத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. முன்னால் சமச்சீரான ஒரு புது முகப்பைக் கட்டி அதை மறைத்தார்கள். இடப்பக்கம் ஐந்து யன்னல் என்றால் வலப்பக்கமும் ஐந்து. வலப்பக்கத்தில் ஒன்றுக்குப் பின்னால் புகைபோக்கி போகிறது, திறக்க முடியாது. ஆகவே அதில் யன்னல் போலக் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். அதற்கடுத்த தலைமுறைக்குப் பழமையில் மோகம் வந்தது. மறைத்த கோபுரம் இனித்தது, அது போதாது என்று மூலைக்கு மூலை குட்டிக் கோபுரங்கள் ஒட்டினார்கள். அந்த வீட்டில் ஆகப் பழையதாகத் தெரிவதுதான் ஆகப் புதியது.

அத்தான் வாயைத் திறந்தபடி நின்றார். நீட்டுவதில் தனக்கு மிஞ்சினவன் இல்லை என்று நினைத்திருந்த மனிதர். "இவங்கள் பிளானிங் பெர்மிஷன் எடுத்தவங்களோ?" என்று மகளிடம் கேட்டார்.

"அப்ப அது இல்லை அப்பா."

"குடுத்து வைச்சவங்கள்" என்றார் உண்மையான பொறாமையோடு.

பில்லியர்ட்ஸ் மேசை போட்ட அறையில் ஓர் அம்புத் துவாரம் இருந்தது. ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்து, வீடு நீண்டபோது உள்ளுக்குள் மாட்டிக்கொண்டது. அத்தான் என் விலாவில் இடித்தார். "பார், எங்கடை சாப்பாட்டு அறை யன்னல் மாதிரி." தன் வீட்டுக்கு நானூறு ஐந்நூறு வருடப் பரம்பரை கிடைத்துவிட்ட பெருமை அவர் முகத்தில்.

நடன மண்டபத்துக்கு வந்ததும் அபி சொன்னாள், இந்தப் பகுதி இலங்கைக் கோப்பித் தோட்டத்துப் பணத்தில் கட்டியது என்று. கூட்டம் மரியாதையாக மேலே தொங்கும் விளக்கைப் பார்த்தது. அத்தான் தமிழில், "அப்ப இதிலை பாதி எங்கடை. பிறகேன் ரிக்கற் எடுத்தனாங்கள்?" என்றார். அந்தத் தோட்ட மலையில் முதுகு முறிந்தவர்கள் யாரோ. தொட்டும் பார்க்காத யாழ்ப்பாணத்தான் லண்டனிலிருந்து வந்து பங்கு கேட்கிறான். இதுவும் ஒரு வகை நீட்டல்தான்.

பிறகு வெளியே வந்து மேற்குப் பக்கச் சுவரடியில் நின்றோம். அந்தச் சுவர் முடியும் ஓரத்தில், கீழிருந்து மேல்வரை, ஒன்று விட்டு ஒரு கல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெறும் காற்றைக் கடிக்கப் போகும் பல்வரிசை மாதிரி.

"இங்கே இன்னொரு சிறகு வருவதாக இருந்தது" என்று அபி கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். "புதுச் சுவரைப் பழையதோடு பின்னிப் பிணைக்க இப்படிக் கல்லை விடுவார்கள். தோட்டம் பார்க்க இலங்கைக்குப் போன மகன் குடும்பத்தோடு திரும்பி வந்து இருப்பதற்கு என்று தகப்பன் திட்டம் போட்டார்."

ஒரு வெள்ளைக்காரர் கேட்டார், "பணம் தீர்ந்துவிட்டதா?"

"கோப்பிக்கு நோய் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முதலே மகன் வருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. தகப்பன் கடைசிவரை இந்தக் கற்களை வெட்ட விடவில்லை."

இதை அவள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்கிறாள். அன்றைக்கும் பழக்கத்தில்தான் தொடங்கினாள். ஆனால் கடைசி வசனத்தில் குரல் தளர்ந்தது. தகப்பனைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அத்தான் கல்லை அண்ணாந்து பார்த்தபடி, "எங்கடை ஊரில கம்பி, இஞ்சை கல்லு" என்றார். கூட்டம் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றார்.

நான் சிரித்தேன். "விசர் ஆக்கள்" என்றேன்.

அபி திரும்பினாள். "மாமா, உங்கடை வீட்டுக் கூரையிலை அந்த ராட்ஸ் இப்பவும் இருக்கோ? போத்தில் போட்டபடி?"

எனக்கு மெல்பேர்னில் ஒரு மகன் இருக்கிறான். இதுவரை அதைச் சொல்ல இடம் வரவில்லை.

மத்தியானம் பழைய குதிரை லாயத்தில் சாப்பாடு. ஹகிஸ் என்று ஒன்று வந்தது. ஆட்டின் ஈரலையும் மிச்சம் மீதியையும் அரைத்து ஓட்ஸ் கலந்து அவித்தது. ஊரில் இதே சாமானைப் பெரிய மரியாதையில்லாமல் குடல்கறி என்போம், இங்கே கவிதை பாடிப் பரிமாறும் வழக்கம் உண்டாம். அத்தான் கோட்டுப் பையிலிருந்து கறித்தூள் மடித்த காகிதச் சரையை எடுத்துத் தூவினார். பக்கத்து மேசைக்காரர் அதென்ன என்று கேட்டு, தானும் கொஞ்சம் வாங்கித் தூவிக்கொண்டார். ஆனால் அத்தான் பாதியில் தட்டைத் தள்ளிவிட்டார். அவர் சாப்பாட்டை மிச்சம் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் அபி தன் இருப்பிடத்துக்குக் கூட்டிப்போனாள். ஆற்றோரம் ஒரு சின்னக் கல்வீடு. ஓர் அறை, ஒரு குசினி, குனிந்து போக வேண்டிய வாசல். அத்தான் பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"வாடகையோ?"

அபி என்னைப் பார்த்தாள். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன். தாய்மாமன் வேலை அந்த இடத்தில் முடிந்தது.

"இல்லையப்பா. வாங்கினனான்."

அடுப்பில் கேத்தல் கொதித்து நின்றது. அத்தான் பின்பக்கக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். "குசினியைப் பின்னாலை இழுக்கலாம்" என்றார் மெல்ல. அந்த மனிதருக்கு வருத்தம் வந்தாலும் அது நீட்டலாகத்தான் வரும்.

"ஏலாது அப்பா. இது பாதுகாக்கப்பட்ட வீடு. ஒரு யன்னலைக்கூட மாத்த விடமாட்டினம்."

"ஒரு கல்லும் கழட்டேலாத வீட்டை ஏன் பிள்ளை வாங்கினாய்?"

"அதுக்காகத்தான் அப்பா வாங்கினனான்."

அவர் திரும்பினார். அபி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலமும் தமிழுமாக வந்தது. "நான் சின்னனிலை எத்தினை அறை மாறினனான் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? மேலை கட்டேக்கை கீழை. கீழை உடைக்கேக்கை சாமியறை. எக்ஸாமுக்கு படிச்சது முழுக்க டிரில் சத்தத்திலை. கொப்பியைத் திறந்தா டஸ்ட். எல்லாம் எனக்காகத்தான் கட்டினீங்கள், தெரியும் அப்பா. ஆனா இருக்கிறதுக்கு எனக்கு ஒரு இடம் இருக்கேல்லை. இஞ்சை ஆரும் ஒண்டையும் மாத்தேலாது. நான் வேலையாலை வரேக்கை கதவு அதே இடத்திலை இருக்கும்."

நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் யன்னலடிக்குப் போய் அதன் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தார். "நல்ல யன்னல்" என்றார். "மாரிக்குத் தண்ணிப் பைப் உறையாதோ?"

"சுத்திக் கட்டியிருக்கு அப்பா."

"காட்டு பாப்பம்."

இரண்டு பேரும் குனிந்து வாசலைக் கடந்து குழாய் பார்க்கப் போனார்கள். தகப்பனின் தலை நிலையில் இடித்தது. மகள் கையால் தேய்த்துவிட்டாள்.

திரும்பும் ரயில் எந்த மன்னிப்பும் கேட்காமல் நேரத்துக்கு ஓடியது. அத்தான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லண்டன் கிட்டும்போதுதான் வாய் திறந்தார்.

"உனக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம் அத்தான்."

"உன்ர கொக்காவுக்கும்?"

"ஓம்."

"ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த நீட்டிக்கொண்டு நிக்கிற கல்லுகள். மழைக்குத் தண்ணி இறங்காதோ?"

"மேலை ஈயத்தகடு போட்டிருக்கெண்டு அபி சொன்னாள்."

ஹரோவில் வீட்டுக்குள் போனதும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை. புட்டுக் குழலை அடுப்பில் வைத்தாள்.

கல் வைக்கும் நாள் வந்தது. அத்தான் ஐயரை நிறுத்தவில்லை, தேவனையும் நிறுத்தவில்லை. காலையிலேயே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்றார். எனக்கும் ஒரு வேட்டி தந்தார், விமான நிலைய அதிகாரிக்கு நான் சொன்ன வாக்கு மெய்யானது. அக்கா யன்னலுக்கு உள்ளே நின்றாள். வெளியே வரவில்லை. கடைசியாக ஒருமுறை அங்கே நின்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஐயர் குளிரில் நடுங்கிக்கொண்டு மந்திரம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கி வேலிக்கு மேலால் காட்டினார்.

அத்தான் கட்டியிருந்த நூலைக் கையாலே அறுத்தார்.

"தேவன், அறை இல்லை. கொத்தின சுவரை மட்டும் கட்டி முடிச்சு விடும். யன்னல் இருக்கட்டும்."

தேவன் சாந்துக் கரண்டியோடு நின்றார். "அப்ப கல் வைக்கிறேல்லையோ அண்ணை?"

"நாள் பாத்தாச்சு. தாய்மாமனும் வந்திட்டான். வைக்கத்தான் வேணும். ஆனா ஓரத்திலை, ஒண்டு விட்டு ஒண்டு, கல்லை வெளியாலை நீட்டி விடும். கீழையிருந்து மேலைவரைக்கும்."

"அண்ணை, வடிவாயிராது. தண்ணியும் இறங்கும்."

"ஈயத்தகடு போடும்."

"கவுன்சில்காரன் கேட்டால்?"

"பெரிய பெரிய வீடுகளிலை இருக்கெண்டு சொல்லும்."

எனக்கு வாயில் ஒரு நக்கல் வந்து நின்றது. அத்தான் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். ஐயர் எடுத்துத் தந்த செங்கல்லைச் சாந்தில் வைத்தேன். பாதி சுவருக்குள், பாதி வெளியே. தேவன் கரண்டிப் பிடியால் தட்டினார். அத்தான் கிட்ட வந்து அதை இன்னும் ஒரு விரல் வெளியே இழுத்துவிட்டார்.

நான் புறப்பட்ட அன்று சுவர் முடிந்திருந்தது. குசினி யன்னல் திறந்திருந்தது. அக்கா கைக்கெட்டிய கல் ஒன்றில் புட்டுத் துணியைக் காயப்போட்டிருந்தாள். அத்தான் அதைப் பார்த்தார். அபிக்குப் படம் எடுத்து அனுப்பினார், துணியோடு சேர்த்து.

வரும் வழி முழுக்க ஒரு முடிவோடு வந்தேன். மகன் மெல்பேர்னில் வீடு வாங்கி, நாய் வளர்த்து, அந்த நாயின் படத்தை மாதம் தவறாமல் அனுப்புகிறான். இனி அவன் வந்து மேல்மாடியில் இருக்கப் போவதில்லை. சொந்தக் கடையிலிருந்து இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கொண்டுவந்து கூரைக் கம்பிகளை அடியோடு வெட்டிவிடுவது. ஊருக்கும் ஒரு முன்மாதிரியாக இருக்கும், வியாபாரம் படுத்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். நான் இல்லாத நேரம் அடித்த காற்றில் ஒரு போத்தல் விழுந்து உடைந்திருந்தது. தலை திறந்து நின்ற கம்பியில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. கீழே இறங்கி குசினிக்குள் போய் ஒரு வெறும் சோடாப் போத்தலைத் தேடி எடுத்தேன். மேலே ஏறி, துருவை உரஞ்சித் துடைத்து, அதைக் கவிழ்த்துவிட்டு இறங்கினேன். கிரைண்டர் ஏணியடியில் கிடந்தது.